கன்று காத்த கிளியூ

மரம் நடுதல் ஒரு நாள் வேலை. நட்ட மரத்தை வேரூன்றச் செய்தல் பல நாள் பணி. குழி தோண்டிக் கன்றை நிறுத்தி மண்ணைத் தள்ளுவதற்குச் சிறிது நேரமே போதும். அதன் பின்னர் அக்கன்று தழைப்பதும் வாடுவதும் நீர் வார்ப்பவரின் கையில் உள்ளன. நாற்றங்காலிலிருந்து பெயர்த்தெடுக்கும்போது கன்றின் நுண்ணிய வேர்கள் பல அறுபட்டுப் போகின்றன. மண்ணிலுள்ள நீரை உறிஞ்சித் தருபவை அந்நுண்ணிய வேர்களே. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக வெளியேற்றிக் கொண்டிருக்கின்றன. வரவு குறைந்தும் செலவு குறையாத குடும்பத்தைப் போல அக்கன்று தவிக்கிறது. புதிய வேர்கள் தோன்றி, ஆழச் சென்று, தாமே நீரைத் தேடிக் கொள்ளும் வரையில் மனிதன்தான் அதற்குத் துணையாக நிற்றல் வேண்டும். நம் உழவர்கள், நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சும் நீரை உயிர்த்தண்ணீர் என்று வழங்குவர். அப்பெயர் எத்துணைப் பொருத்தம் உடையது என்பதைப் பிரெஞ்சு நாட்டுக் கப்பற்படை அலுவலர் ஒருவரின் வரலாறு நன்கு விளக்கும். அவர் பெயர் கபிரியேல் தெ கிளியூ.

கிளியூ 1687-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்சின் வடபகுதியாகிய நார்மண்டியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே கப்பற்படையில் சேர்ந்து கடல் வாழ்வில் பழகினார். பின்னர் மார்த்தினிக்குத் தீவில் காலாட்படைத் தலைவராக அமர்ந்தார். அத்தீவு அமெரிக்கக் கண்டங்களை அடுத்த கரிபியன் கடலில் இருப்பது. எரிமலையும் மலைச்சரிவுகளும் வளமான மண்ணும் உடையது. அக்காலத்தில் பிரெஞ்சு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கரும்பும் கொக்கோவும் அங்குப் பயிரிடப்பட்டன. தம் சொந்த அலுவல் காரணமாக விடுமுறை பெற்றுப் பாரிசு நகருக்கு வந்திருந்த கிளியூவின் மனத்தில் ஒரு புதிய எண்ணம் தோன்றியது. மார்த்தினிக்குத் தீவில் காப்பியைப் பயிரிட்டால் என்ன என்பதே அவ்வெண்ணம்.

காப்பிச் செடியின் தாயகம் ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பிய மலைநாடு. அங்கிருந்து அது செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டை அடைந்தது. நெடுங்காலம் ஏமனின் மோக்காத் துறைமுகமே காப்பி வாணிகத்தின் தலைவாயிலாக விளங்கியது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் அதனை ஜாவாத் தீவில் பயிரிடத் தொடங்கினர். ஜாவாவிலிருந்து 1706-ஆம் ஆண்டில் ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் நகரத் தாவரத் தோட்டத்திற்கு வந்தது. அதன் வழிவந்த இளஞ்செடி ஒன்றை 1714-ஆம் ஆண்டில் அந்நகரத்தார் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாக அளித்தனர். காப்பிச் செடி பனியைத் தாங்காது. ஆகவே பாரிசிலிருந்த அரச தோட்டத்தில் அதனைக் குளிர் படாமல் வைத்து, ஜுஸ்ஸியூ என்னும் தாவரநூல் வல்லுநரின் மேற்பார்வையில் கண்ணுங் கருத்துமாகப் பேணினர்.

அச்செடியின் வழிவந்த கன்று ஒன்றைப் பெறுவது எளிதாக இல்லை. அது மன்னருக்குரிய அரும்பொருள். கிளியூவின் வேண்டுகோள் முதலில் பயன் தரவில்லை. எனினும் அவர் முயற்சியைக் கைவிட்டாரல்லர். அரண்மனை மருத்துவராகிய சிராக் என்பவர் நினைத்தால் கன்று கிடைக்கும் என்பதை அறிந்தார். மருத்துவர் மறுக்க இயலாத உயர்குடிப் பெண்மணி ஒருவர் வாயிலாகத் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். இறுதியில் கன்று கிடைத்தது. அது பூஞ்செடியிலிருந்து கிள்ளி நட்ட ஒரு சிறு கிளையின் அளவே இருந்தது. அம்மெல்லிய உயிரைப் பேராழியின் மறுகரைக்குக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது.

அக்காலக் கப்பல்கள் நீராவியாலும் எண்ணெயாலும் இயங்கியவை அல்ல. காற்றை நம்பிப் பாய் விரித்துச் சென்றவை. அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடக்கப் பல வாரங்கள் ஆகும். கடற்காற்றிலுள்ள உப்பு இளந்தளிர்களைக் கருக்கிவிடும். குளிர்ந்த இரவுகள் கன்றை வாட்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த கிளியூ, கண்ணாடி மூடியிட்ட பெட்டி ஒன்றில் மண் நிரப்பிக் கன்றை நட்டார். ஞாயிற்றின் ஒளியும் வெப்பமும் கண்ணாடி வழியே உள்ளே புகும். உள்ளிருக்கும் வெப்பமும் ஈரமும் எளிதில் வெளியேறா. அப்பெட்டியுடன் அவர் ஒரு வணிகக் கப்பலில் ஏறினார். அவர் கடற்பயணம் 1720-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்பார் சிலர். 1723-ஆம் ஆண்டில் என்பார் பலர்.

வழியில் நேர்ந்த இடையூறுகள் பல. கடற்கொள்ளைக்காரரின் கப்பல் ஒன்று துரத்தியதாகவும், அதற்கு அரிதின் தப்பிய பின்னர்க் கடும்புயல் ஒன்று கப்பலைக் கவிழ்க்கப் பார்த்ததாகவும் கூறுவர். கப்பலுக்குள்ளேயே கன்றுக்குப் பகைவன் ஒருவனும் இருந்தான். கிளியூ அடையப்போகும் பெருமையைப் பொறாத உடன்பயணி அவன். கன்றைக் கவர்ந்து கொள்ள இயலாமற் போகவே, அதன் கிளை ஒன்றை ஒடித்துவிட்டான். சில இலைகளே உடைய செடிக்கு ஒரு கிளையை இழப்பது பெரும் இழப்பு. அன்று முதல் கிளியூவின் காவல் மேலும் கடுமையாயிற்று.

இவ்விடையூறுகள் அனைத்தினும் கொடியதாக வந்தது தண்ணீர்ப் பஞ்சம். புயலுக்குப் பின் காற்று அடங்கிவிட்டது என்பர். காற்று இல்லையேல் பாய்மரக் கப்பல் அசையாது. நாட்கள் நீண்டன, மிடாக்களில் சேமித்து வைத்திருந்த நன்னீர் குறையத் தொடங்கியது. கப்பலைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நீர் பரந்திருந்தது. ஆனால் அந்நீர் மனிதன் பருகவும் உதவாது. செடிக்கு வார்க்கவும் உதவாது. உப்பு நீர் பட்டால் வேர்கள் மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஆற்றலை இழக்கும். செடி கருகிப் போகும். கப்பல் தலைவர் எஞ்சிய நீரை அளந்து ஆளுக்குச் சிறிதளவே வழங்குமாறு கட்டளையிட்டார்.

மனிதர்க்கு அளந்த நீரில் செடிக்குப் பங்கு கிடையாது. அதற்காக வேறொருவரிடம் நீர் கேட்பதும் முறையன்று. ஆகவே கிளியூ தமக்குக் கிடைத்த சிற்றளவு நீரையே இரு கூறாக்கினார். ஒரு பகுதியைத் தாம் பருகினார். மற்றொரு பகுதியைக் கன்றுக்கு வார்த்தார். ஒரு நாள் இரு நாள் அன்று. ஒரு மாதத்திற்கும் மேலாக அவர் இவ்வாறு செய்தார். வெப்ப மண்டலக் கடலில், ஞாயிறு தகிக்கும் கப்பல் தளத்தில், நா வறண்ட ஒருவர் தம் கையிலுள்ள நீரைச் செடியின் வேருக்கு விடுவது எத்தகைய உறுதியைக் காட்டுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவேளை அவர் நீர் வார்க்க மறந்திருந்தால் அவரைக் கேட்பார் எவருமில்லை. பயணத்தில் செடி பட்டுப்போயிற்று என்று சொன்னால் எவரும் அவரைப் பழித்திருக்க மாட்டார்கள். எனினும் ஒவ்வொரு நாளும் அவர் தவறவில்லை.

ஒரு நாள் மிகுதியாக வார்த்து, ஒன்பது நாள் மறப்பவரால் கன்று பிழைக்காது. அது வேண்டுவது பெருவெள்ளம் அன்று. வேர் உலராதபடி காலந்தவறாமல் கிடைக்கும் அளவான நீரே. கிளியூ அளித்த நீர் மிகச் சிறிது. ஆனால் அது நாள் தவறாமல் கிடைத்தது. ஒடிந்த கிளையோடு, வளர்ச்சி குன்றிய நிலையில், அக்கன்று உயிரோடு மார்த்தினிக்குக் கரையை அடைந்தது.

கரை சேர்ந்ததும் தம் கடமை முடிந்ததென்று கிளியூ எண்ணவில்லை. தம் தோட்டத்தில் கன்று வளர்வதற்கு மிகவும் ஏற்ற இடத்தைத் தேர்ந்து, அங்கு அதனை நட்டார். பெட்டியின் மண்ணில் பழகிய வேர்கள் புதிய நிலத்தில் பரவ வேண்டும். அத்தீவில் ஆண்டின் முற்பகுதியில் மழை குறைந்த மாதங்கள் உண்டு. அம்மாதங்களில் இளஞ்செடி மழையை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. இவையன்றிக் கன்றைக் களவு கொண்டு போவாரும் உளரோ என்னும் அச்சமும் அவரை வருத்தியது. தம் கண்பார்வையிலேயே அதனை வைத்திருந்தும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. கன்றைச் சுற்றி முள்வேலி இட்டார். அது முதிர்ந்து பயன் தரும் வரையில் காவலும் அமைத்தார். தம் துன்பத்தில் பங்கு கொண்ட உயிர் என்பதால் அதன்பால் அவருக்கிருந்த அன்பு பன்மடங்கு பெருகியது.

சில ஆண்டுகளில் செடி பூத்தது. மல்லிகை போன்ற வெண்ணிற மலர்கள் கிளைகளில் கொத்துக் கொத்தாக விரிந்தன; பின்னர்ப் பசுங்காய்கள் தோன்றிச் செந்நிறக் கனிகளாகப் பழுத்தன. முதல் விளைச்சலில் ஏறத்தாழ 2 இராத்தல் விதை கிடைத்தது. அவ்விதைகளை அவர் பிறர்க்குப் பங்கிட்டு அளித்தார். யாருக்கு அளித்தார் என்பது நாம் கருதத்தக்கது. செடிகளுக்கு வேண்டிய கவனிப்பைத் தரக்கூடியவர் யார் யார் என்று தேர்ந்து, அவர்களுக்கே வழங்கினார். நட்டுவிட்டு மறப்பவரிடம் விதை சேர்ந்தால் அது வீணாகும் என்பதை அவர் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

அவ்விதைகள் தீவெங்கும் பரவுவதற்கு எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்றும் காரணமாயிற்று. 1727-ஆம் ஆண்டில் மார்த்தினிக்குத் தீவை நிலநடுக்கம் உலுக்கியது. கடும்புயலும் வெள்ளமும் சேர்ந்து கொக்கோ மரங்களைப் பெரும்பாலும் அழித்தன. கொக்கோவை நம்பிப் பிழைத்தவர்கள் வாழ வழியறியாது திகைத்தனர். அந்நிலையில் அவர்கள் வெறுமையாய்க் கிடந்த நிலங்களில் காப்பிக் கன்றுகளை நட்டனர். அவை செழித்து வளர்ந்தன. அங்கிருந்து குவாதலூப்பு, சான் தொமிங்கு முதலிய தீவுகளுக்கும் காப்பிக் கன்றுகள் சென்றன. 1777-ஆம் ஆண்டில் மார்த்தினிக்குத் தீவில் மட்டும் 1 கோடியே 80 இலட்சத்திற்கு மேற்பட்ட காப்பிச் செடிகள் இருந்தன. பாதிக் குவளை நீரால் பிழைத்த சிறு கன்றின் வழியில் இத்துணைப் பெரிய தோப்புகள் உருவாயின.

கிளியூவின் பிற்கால வாழ்வும் பொதுப்பணியிலேயே கழிந்தது. அவர் 1737-ஆம் ஆண்டில் குவாதலூப்புத் தீவின் ஆளுநராக அமர்ந்து, 1752-ஆம் ஆண்டு வரையில் அப்பதவியில் இருந்தார். பின்னர்ப் பிரான்சுக்குத் திரும்பினார். முதுமையின் எல்லையில், 1774-ஆம் ஆண்டில், காப்பிக் கன்றைக் கொண்டு சென்ற வரலாற்றை ஒரு கடிதமாக எழுதினார். அது பிரெஞ்சு இதழ் ஒன்றில் வெளிவந்தது. தண்ணீரைப் பகிர்ந்த செய்தியை உலகம் அறிவது அக்கடிதத்தால்தான். அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் பாரிசு நகரில் காலமானார். 1918-ஆம் ஆண்டில் மார்த்தினிக்கின் தலைநகரிலுள்ள தாவரத் தோட்டம் ஒன்று அவர் நினைவுக்கு உரியதாக்கப்பட்டது.

அமெரிக்கக் கண்டங்களின் காப்பி முழுவதும் கிளியூவின் ஒரே செடியிலிருந்து வந்தது என்று சிலர் எழுதியுள்ளனர். அது மிகையாகும். ஒல்லாந்தர் அவருக்கு முன்னரே தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டில் காப்பியை நட்டிருந்தனர். பிரேசில் நாட்டிற்கும் அது வேறு வழியாகவே வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கு ஏமனிலிருந்து காப்பி விதைகளைக் கொணர்ந்தவர் பாபா புதன் என்னும் பெரியார் என்பது மரபுவழிச் செய்தி. பிறர் உழைப்பையும் உள்ளவாறு உரைப்பதால் கிளியூவின் சிறப்புக் குறைந்துவிடாது.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத இருண்ட பகுதி ஒன்றும் உண்டு. அத்தீவுகளின் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழியினரும் ஆவர். கோடிக்கணக்கான கன்றுகளுக்குக் குழி தோண்டியவரும், களை எடுத்தவரும், கனி பறித்தவரும் அவர்களே. விளைவின் பயன் முதலாளிகளைச் சேர்ந்தது. உழைத்தவர்க்குக் கிடைத்தது சவுக்கடி. சான் தொமிங்குத் தீவின் அடிமைகள் 1791-ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்து போராடினர். 1804-ஆம் ஆண்டில் ஹைத்தி என்னும் உரிமை நாட்டை நிறுவினர். மார்த்தினிக்குத் தீவில் 1848-ஆம் ஆண்டில்தான் அடிமை முறை ஒழிந்தது. தம் பங்கு நீரைச் செடிக்கு ஈந்த கிளியூவின் பெயரை வரலாறு காத்து வைத்திருக்கிறது. அச்செடியின் வழிவந்த தோப்புகளைத் தம் வியர்வையால் வளர்த்தவர்களின் பெயர்களை அது காத்து வைக்கவில்லை. ஓர் உயிரிடத்துக் காட்டும் அன்பு மற்றோர் உயிரிடத்து இல்லாமற் போகுமாயின், அவ்வன்பு நிறைவுடையதாகாது. கிளியூவின் காலத்தார் இதனை உணரவில்லை. நாம் உணர்தல் வேண்டும்.

மாணவர்களே! நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டு முதல் வன மகோற்சவம் என்னும் மரம் நடு விழா நடைபெற்று வருகிறது. பள்ளிகளிலும் சாலை ஓரங்களிலும் கன்றுகள் பல நடப்படுகின்றன. நடும் நாளன்று கூட்டம் கூடுகிறது, கைதட்டல் எழுகிறது. அடுத்த கோடையில் அக்கன்றுகளை நினைப்பவர் எத்தனை பேர்? கன்றைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டுங்கள். நீரை விரைந்து கொட்டாமல், மண் ஆழ நனையும்படி மெல்ல வாருங்கள். மேல்மண் மட்டும் நனைந்தால் வேர்களும் மேலேயே தங்கிவிடும். ஆழ நனைந்தால் வேர்கள் ஆழத்தை நாடும். உலர்ந்த சருகுகளைப் பரப்பி ஈரத்தைக் காத்திடுங்கள். வேர் பரவப் பரவ, நீர் வார்க்கும் நாட்களின் இடைவெளியை மெல்ல நீட்டுங்கள். இரண்டு மூன்று கோடைகளைக் கடந்துவிட்டால் பெரும்பாலான மரங்கள் தம் வேரில் தாமே நிற்கும். அதன்பின் அவை நம்மிடம் நீர் கேளா.

கிளியூவைப் போல நாவறட்சியோடு நீரைப் பங்கிட வேண்டிய நிலை நம்மில் பெரும்பாலார்க்கு இல்லை. நாளும் ஒரு குடம் நீரும், அதனை மறவாமல் கொண்டு சென்று வார்க்கும் மனமும் இருந்தால் போதும். நீங்கள் நட்ட கன்று உங்கள் பள்ளி வாயிலில் இருக்கலாம். வீட்டுப் புறக்கடையிலும் இருக்கலாம். இன்று மாலை அதன் அருகே சென்று, மண் உலர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.